மூன்றாவது மிதி

ஜீப்பின் பழைய எஞ்சினைக் கழற்றியபோது அதை ஓட்டும் சுருளிவேல் பட்டறையில் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அது சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் வைத்த தகரத்தில் எண்ணெய் சொட்டியது.

இரண்டு வருடமாகவே அதனால் ஏற்றம் ஏற முடியவில்லை. கம்பம் மெட்டுச் சாலையின் செங்குத்தான வளைவுகளில், தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கி நடந்தார்கள். நேரம் தப்பினால் ஏலத்தோட்டத்தில் கேட்டை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. நாலு பேர் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். நாகஜோதி முன் சீட்டில் இருந்ததால் மற்றவர்கள் மாறவில்லை. அவள் சுருளிவேலின் மனைவி. அவளும் காய் எடுக்கப் போகிறவள்தான்.

அனுமந்தன்பட்டியில் பட்டறை வைத்திருந்த சகாய பிரவீன், பின்பக்கம் நசுங்கிய புது மாடல் வண்டி ஒன்றின் எஞ்சினை வாங்கிப் போட்டிருந்தான். அதை இந்த ஜீப்பில் ஏற்றினான். அந்த வண்டியின் பிரேக்கையும் சேர்த்தே மாட்டினான்.

"அண்ணே, எறக்கத்துல மட்டும் எஞ்சின அமத்திராதீக."

"தெரியும் தம்பி."

"தெரியும்னு சொல்லாதீக, கேளுங்க. பழைய பிரேக்கு ஒங்க கால் பலத்துல புடிச்சது. இது எஞ்சின் ஓடுனாத்தான் புடிக்கும். அமத்துனா ரெண்டு மிதி கேக்கும். மூணாவது மிதி கல்லு."

"டீசல ஒங்கப்பனா ஊத்துவாரு?"

"எங்கப்பங்கிட்ட இருக்கது பெட்ரோல் வண்டி. கியர்ல போட்டு எறக்குங்க, இது சொட்டு டீசல் குடிக்காது."

சுருளிவேல் அதை நம்பவில்லை. இருபது வருடமாக அவன் மெட்டுக்கு இப்புறம் இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை அணைத்தவன். எல்லா ஜீப்காரர்களும் அணைப்பார்கள். அடிவாரம் வரை வண்டி தன் கனத்தில் உருண்டு வரும்.

புது எஞ்சின் மலையை மலையென்றே நினைக்கவில்லை. யாரும் இறங்கி நடக்கவில்லை. முதல் வாரமே, போன நாலு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இறங்கும்போதுதான் குறை. எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. பழைய தகடுகள் எல்லாம் அதிர்ந்தன. முன்பு அந்த இறக்கத்தில்தான் பெண்கள் தூங்குவார்கள்.

"ஏத்தத்துல ஏரோப்ளேன் மாதிரி போகுது, சரி" என்றாள் முனீஸ்வரி. பின்னால் கதவோரம் அவள் இடம். "எறக்கத்துல எதுக்குண்ணே இப்பிடிக் கத்துது? எம் மாமியாவையும் சேத்து மாட்டிட்டாகளா?"

"தூங்கணும்னா வீட்டுல போய்த் தூங்கு."

"வீட்டுல எவ விடுறா?"

அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. பெண்கள் தோட்டத்தில் இருந்த நேரமெல்லாம் சுருளிவேல் உர மூட்டை ஏற்றி இறக்கினான். திரும்பும்போது ஈரச் சேலையின் வாடையும் ஏலக்காய் வாடையும் வண்டிக்குள் நின்றன. வண்டி செக்போஸ்ட்டைத் தாண்டியது. இறக்கம் தொடங்கியது.

சாவியை எப்போது திருப்பினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றது. காற்று கேட்டது. ஈரத்தில் டயர் ஓடுவது கேட்டது. பின்னால் ஒருத்தி குறட்டை விட்டாள். நன்றாக இருந்தது.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்த வளைவில் பாதி பிடித்தது. அதற்கடுத்ததில் கால் கல்லில் மிதித்தது.

எழுந்து நின்று மிதித்தான். பெடல் அசையவில்லை. கியரைத் தள்ளினான். பல்லில் பல் அரைபட்டது. மறுபடி தள்ளினான். விழுந்தது. வண்டி முன்னால் குனிந்தது. வேகம் குறைந்தது, போதவில்லை. மலைப் பக்கம் ஒடித்தான். இரண்டு சக்கரம் சாலையோர ஓடைக்குள் இறங்கியது. பாறை பக்கத் தகட்டைக் கிழித்துக்கொண்டே வந்தது. பிறகு நின்றது.

எதிர்ப்பக்கம் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு அப்பால் பள்ளத்தாக்குத் தெரிந்தது.

முனீஸ்வரிக்கு உதடு கிழிந்திருந்தது. வேறு யாருக்கும் காயம் இல்லை. ஒருத்தி சாலையில் உருண்ட தூக்குவாளியை எடுத்து வந்தாள்.

"என்னண்ணே, மாடு குறுக்க வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாகஜோதி அவனைப் பார்த்தாள்.

"மாடெல்லாம் இல்ல. நாந்தேன் அமத்திட்டேன்."

"எத?"

"எஞ்சின. அமத்துனா பிரேக்கு இல்ல. பிரவீனு சொன்னான். கை பாட்டுக்கு அமத்திருச்சு."

முனீஸ்வரி முந்தானையை உதட்டில் அழுத்திக்கொண்டாள். "அதான் சத்தமில்லாம இருந்துச்சா?" என்றாள். "நல்லாத்தேன் இருந்துச்சு."

"யாரும் ஏற வேணாம். பின்னால வர்ற வண்டியில ஏத்தி விடுறேன்."

அவர்கள் நின்றார்கள். தூறல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வளைவைச் சுற்றி ஒரு ஜீப் வந்தது. அதன் எஞ்சின் அணைந்திருந்தது. உள்ளே பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். ஓட்டியவன் கைகாட்டி உதட்டைப் பிதுக்கினான். ஜீப் நிற்காமல் உருண்டு போனது.

"இடமில்லைல்ல" என்றாள் முனீஸ்வரி. "வாங்கடி, தள்ளுவோம்."

தள்ளினார்கள். மூன்றாவது முறை வண்டி ஓடையிலிருந்து ஏறியது. சொல்லாமலே ஒவ்வொருத்தியாக ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவது கியரில் இறக்கினான். எஞ்சின் முழுச் சத்தத்தில் ஓடியது. யாரும் தூங்கவில்லை. நாகஜோதி சாலையைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அனுமந்தன்பட்டியில் இறங்கினார்கள். யாராவது திட்டுவார்கள் என்று அவன் காத்திருந்தான். ஒருத்தி சேலையைப் பிழிந்தாள். ஒருத்தி செருப்பைத் தேடினாள். யாரும் திட்டவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

முனீஸ்வரி சன்னல் பக்கம் வந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"காலைல அதே நேரந்தானண்ணே?"

அவன் நாகஜோதியைப் பார்த்தான்.

"அதே நேரந்தேன்" என்றாள் நாகஜோதி. "போ, மஞ்சப் பத்துப் போடு."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

"வீடு வந்துருச்சு" என்றாள். "அமத்துங்க."

"நீ அமத்து."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குறுக்கே கை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.