ருஃபினாவின் வாலில் எந்தப் பக்கம் வெள்ளை?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை தேயானிராவுடையது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துத்தான் வாங்கினேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, அவளும் கேட்கவில்லை.

நுக்கி என்கிற இந்தக் கடற்கரை ஊருக்கு நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஜூலையில் கூனல் திமிங்கிலங்கள் எங்கள் விரிகுடாவுக்குக் குட்டி போட வரும். அக்டோபருக்குள் தென்முனைப் பனிக்கடலுக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். ஒரு வழிக்கே எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எது எங்கே போகிறது என்பதை வாலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். மூழ்கும்போது அது தூக்கிக் காட்டும் வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. இங்கே எடுத்த படத்தையும் அங்கே எடுத்த படத்தையும் பார்த்து ஜோடி சேர்ப்பது தேயானிராவின் வேலை. கல்யாணத் தரகர் என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

2

தொடக்கம் ஒன்று: ‘மழை பெய்துகொண்டிருந்தது.’

(அடித்துவிட்டேன். நுக்கியில் மழை நின்றால்தான் செய்தி.)

தொடக்கம் இரண்டு: ‘படகோட்டி கிரெசென்சியோவின் மனைவி ருஃபினா இறந்த வருடம், அவர் படகை உரசுகிற மாதிரி எழுந்த ஒரு திமிங்கிலத்துக்கு அவள் பெயரையே’

இது தேறும். வைத்தார்கள். படச்சுருள் காலம் அது. பல வருடம் கழித்து அந்தப் பழைய ஸ்லைடுகளையெல்லாம் கணினியில் ஏற்றியவள் தேயானிரா. தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

“அதோ பாரு, உங்க அண்ணி வந்துட்டா!” என்பார் கிரெசென்சியோ.

தேயானிரா வால் படங்களின் பட்டியலைப் புரட்டுவாள். “இல்லண்ணே. அண்ணிக்கு வலப்பக்கம் வெள்ளை. இதுக்கு இடப்பக்கம். இது 212-ஆம் நம்பர்.”

“நான் பார்க்காத வாலா? அவதான்.”

“எந்த வாலைப் பார்த்தாலும் உங்களுக்கு அண்ணிதான். போய்க் கண்ணைக் காட்டுங்க முதல்ல.”

படகே சிரிக்கும். (நானும் சிரித்தேன். அதை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைப்பது கோழைத்தனம்தான்.)

ஒன்பது வருடம் இதே கூத்து. பத்தாவது வருடம் அவர் சுக்கானை மருமகனிடம் கொடுத்துவிட்டார். “ஒரு வாலையே அடையாளம் தெரியாதவன் தண்ணிக்குள்ள இருக்கிற பாறையை எப்படிப் பார்ப்பான்? ஏழு பேரு உயிரு இருக்குல்ல படகுல,” என்றார். பட்டியலில் ருஃபினாவுக்கு நேரே தேயானிரா எழுதினாள்: ‘நெடுநாளாகக் காணவில்லை. இறந்திருக்கலாம்.’

3

இந்த இடத்தில் எனக்கே தேயானிராமேல் சந்தேகம். ஒரு புள்ளி பிசகினால் மூன்று முறை சரிபார்க்கிறவள் இப்படியொரு காரியம் செய்வாளா? எழுத்தாளனாக இருந்து இதைக் கற்பனை செய்திருந்தால் நம்பும்படி செய்திருப்பேன். நடந்துவிட்டதே, என்ன செய்வது?

பனிக்கடல் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் கடிதம் அனுப்பினாள். பிப்ரவரியில் உங்கள் 212-ஐ இங்கே பார்த்தோம் என்று படமும் வைத்திருந்தாள். கடைசியில் இரண்டு வரி: ‘தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் ருஃபினாவைக் கண்ணாடியில் காட்டினால் 212 மாதிரியே இருக்கிறாளே?’

தேயானிரா தகர டப்பாவிலிருந்து பழைய ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஏற்றும்போது பின்பக்கத்தை முன்பக்கமாக வைத்திருக்கிறாள். இடம் வலமாகி, ஒரே திமிங்கிலம் இரண்டாகி, அதில் ஒன்றை அவளே சாகடித்தும்விட்டாள்.

அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. (தேங்காய்ச் சோறு, பொரித்த மீன். வீணாக்கக் கூடாதென்று நான் சாப்பிட்டேன்.)

4

முடிவு அ: யாருக்கும் தெரியாமல் பட்டியலைத் திருத்திவிடுகிறாள். சிரிக்காதீர்கள், ஒரு வாரம் அவள் இதைத்தான் யோசித்தாள். அவ்வளவு வெட்கம் அவளுக்கு. ஒரு மனுஷனைக் கரையில் உட்காரவைத்துவிட்டோமே என்று அதைவிடப் பெரிய வேதனை.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள், கிரெசென்சியோ அவளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டுக்

எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. மருமகனுக்காக அவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தேயானிரா போய் நின்றாள்.

“அண்ணே, தப்பு என்மேலதான். அது அண்ணியேதான். ஒன்பது வருஷமும் அண்ணிதான் வந்திருக்காங்க. நான்தான் படத்தைத் திருப்பிப் போட்டு ஏத்திட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “கெழவனைத் தேத்த வேற பொய்யே கிடைக்கலியா? யாரு அனுப்பினா உன்னை, எம் மருமகனா?”

“சத்தியமாப் பொய் இல்லண்ணே. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

“நான் பார்த்து என்ன ஆகப்போகுது தேயா? எனக்குத்தான் கண்ணு போச்சே. நீதானே சொன்ன?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் அதை நம்பியே சொன்னார்.

5

மறுநாள் காலை, படகில் நாங்கள் நாலு பேர். சுக்கானில் மருமகன். கிரெசென்சியோவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்திருந்தாள் தேயானிரா. “அந்த ஸ்லைடை என் மூஞ்சி முன்னால ஆட்டமாட்டேன்னா வரேன்,” என்பது அவர் போட்ட நிபந்தனை.

சற்றுத் தூரத்தில் ஒன்று மூச்சுவிட்டது. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. தேயானிரா பட்டியலையும் கேமராவையும் பைக்குள் போட்டு மூடினாள்.

“என்ன பிள்ளே, படம் எடுக்கலியா?”

“நீங்க யாருன்னு சொல்லுங்கண்ணே. அப்புறம் எடுக்கறேன்.”

“தப்பாச் சொன்னா?”

“தப்பாவே சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிறேன்.”

“பொல்லாதவ நீ,” என்றார். ஆனாலும் எழுந்து நின்று, மழைக்குக் கையைப் புருவத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

வந்தது ருஃபினாவா, வேறு எதுவோவா? அவர் கண் நிஜமாகவே போய்விட்டதா? கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கு முடிவு எழுதத் தெரியாமல் இல்லை. (கொஞ்சம் அதுவும்தான்.) ஆனால் அது யாருடைய வால் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக ஒன்பது வருடம் ஒருத்தி சொல்லியாயிற்று, இப்போது நானும் சொல்வதாக இல்லை. நீங்களும் தெரிந்த மாதிரி முந்திக்கொள்ளாதீர்கள்.

முதுகு வளைகிறது. வால் மேலே வருகிறது. அவர் வாயைத் திறக்கிறார்.