இணைப்பறுந்த தொலைபேசி

“கதையும்” என்றான் நவரத்தினம். “பதியுது.”

ரெக்கோடரில் கசெட் சுழன்றது. அவன் மனைவி ஜெயமலர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஜெர்மனி, வுப்பர்டால் அகதி விடுதி, மூன்றாம் மாடி, 1986. எதிர்க் கட்டிலில் சிற்றம்பலம், இரவல் கோட்டுடன். தெருவில் நின்ற யாரோ ஒரு ஜெர்மன்காரனின் காரில் சாய்ந்து அவன் எடுத்துக்கொண்ட படம் மேசையில் கிடந்தது. படத்தோடு பேச்சுக் கசெட்டும் யாழ்ப்பாணம் போக வேண்டும். ஜெயமலரின் தங்கை ரஞ்சினி படத்தை நம்பமாட்டாள். அக்காவின் குரலை நம்புவாள்.

மாற்றுச் சம்பந்தம். ரஞ்சினி இங்கே சிற்றம்பலத்துக்கு. பதிலுக்கு நவரத்தினத்தின் தங்கை சிற்றம்பலத்தின் லண்டன் அண்ணனுக்கு. ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும்.

“மாப்பிள்ளைக்கு வேலை இருக்கு, தனி வீடு இருக்கு எண்டு சொல்லும். பிறகு சுகம் விசாரியும். அவ்வளவுதான்.”

“எது தனி வீடு? கீழ, ஆறு பேர் படுக்கிற அறையோ?”

“இதுவும் பதியுது. விசர்க்கதை கதையாதையும்.”

அப்போதுதான் சுவருக்கு அப்பால் பாட்டு எழுந்தது. அடுத்த அறை மென்சா, கானா நாட்டுக்காரன். சனிக்கிழமைகளில் சட்டையை இஸ்திரி போட்டு மினுக்கும்போது இதைத்தான் போடுவான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஒருத்தியின் பழைய ‘சோல்’ இசைப் பாட்டு.

ஊரில் ஆங்கிலம் படிப்பித்த ஜெயமலருக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். தெரியாதவர்களும் அந்தப் பாட்டுக்கு அடங்கிப் போவார்கள். பாடகியின் குரல் உடையும் இடத்தில், பொதுக் குசினியில் சட்டி தேய்க்கிற சத்தம் தானாக நின்றுவிடும்.

“கறுவலுக்கு வேற நேரம் கிடைக்கேல்லை” என்று நவரத்தினம் சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் அடித்தான். மென்சா சத்தத்தை இன்னும் கூட்டினான்.

“அக்கா, அவ என்னதான் சொல்லுறா?” என்றான் சிற்றம்பலம். “ஒவ்வொரு கிழமையும் நெஞ்சை அடைக்குது. ஒண்டும் விளங்கேல்லை.”

“விளங்கினால் இந்தக் கோட்டோட இருக்க ஏலாது, தம்பி.”

“சொல்லுங்கோவன்.”

“தகப்பன் விட்டிட்டுப் போயிட்டான். காசு கட்டாததால போனையும் வெட்டிப்போட்டாங்கள். தாய் அந்தச் செத்த போனைக் காதில வைச்சு, பிள்ளையளுக்குச் சொல்லுறாள்: அப்பா நல்லாயிருக்கிறார், பெரிய வீடு எடுத்திட்டார், எங்களையும் கூப்பிடப்போறார். பாடுறது மூத்த மகள். ஒருநாள் களவாப் போனை எடுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. தங்கச்சிமாருக்கு அதைச் சொல்லாமல் அவளும் தலையாட்டுறாள்.”

சிற்றம்பலம் தலை குனிந்தான்.

ஜெயமலருக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். ரெக்கோடரை மடியில் இழுத்து வைத்தாள்.

“ரஞ்சினி, கேக்குதோ? நான் தலையாட்டமாட்டன். மாப்பிள்ளைக்கு வேலையுமில்லை, வேலை செய்ய அனுமதியுமில்லை. வீடில்லை. அந்தக் கார் ஆரோ ஒருத்தன்ரை கார். உன்ரை அத்தான்தான் என்னைப் பொய் சொல்லச் சொல்லுறார். எல்லாம் தெரிஞ்சுகொண்டு வாறதெண்டால் வா. இல்லாட்டி அம்மாவிட்டை மாட்டன் எண்டு சொல்லு.”

நவரத்தினம் பாய்ந்தான். சிற்றம்பலம் குறுக்கே எழுந்து நின்றான்.

“தள்ளடா. என்ரை தங்கச்சிக்கு லண்டன் மாப்பிள்ளை தப்பிப் போகும். அவள் கிழவியாகிறதோ?”

“லண்டனில என்ன இருக்கெண்டு நினைச்சியள், அண்ணை?” என்றான் சிற்றம்பலம். “அண்ணாவுக்கும் விசா இல்லை. பெற்றோல் செட்டுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டிலிலதான் படுக்கிறார். கணக்காளர் எண்டு நான்தான் உங்களுக்குச் சொன்னனான்.”

சுவருக்கு அப்பால் பாடகி அதே வரியை மறுபடி மறுபடி இழுத்தாள்.

நவரத்தினத்தின் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. சிற்றம்பலத்தின் கழுத்துப் பட்டியைப் பிடித்து உலுப்பினான். “பொம்பிளைப் பிள்ளையின்ரை வாழ்க்கையடா. எப்பிடியடா மனம் வந்தது?”

“உங்களுக்கு வந்த மாதிரித்தான் வந்திருக்கும்” என்றாள் ஜெயமலர்.

கசெட்டை வெளியே எடுத்தாள். உறையிலிட்டு ரஞ்சினியின் பெயரை எழுதி, முத்திரை ஒட்டி, கதவைத் திறந்தாள்.

“எங்கை போறீர்?”

“தபால் பெட்டிக்கு. வந்து உம்மடை தங்கச்சிக்கும் ஒண்டு பதியவேணும். நீர் கதையும், பொத்தானை நானே அமத்துவன்.”