நாற்பது கிலோ

மிக்ஸியில் முதலில் பேரீச்சம்பழத்தைத்தான் போட வேண்டும். மற்றப் பழங்களோடு சேர்த்துப் போட்டால் அது அரைபடாமல் பிளேடுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பது நம் தலையெழுத்து. பாலில் ஊறவைத்த பேரீச்சம்பழம் எட்டு, முந்திரி பத்து. அது மசிந்த பிறகு கற்பூரவள்ளி இரண்டு, சப்போட்டா ஒன்று, மேலே கைநிறையச் சர்க்கரை. கடைசியில் மிச்சப் பாலை ஊற்றி ஒரே ஒரு சுற்று. இருபத்தாறு நாள் தினமும் காலையில் இதைச் செய்தேன். எனக்காக இல்லை, என் நான்கு வயதுப் பெண் நேத்ராவுக்காகவும் இல்லை. என் நாத்தனார் மதிவதனிக்காக.

மதிவதனிக்கு இருபது வயது. டிப்ளமோ முடித்தவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும் முடித்துத் தேறிவிட்டாள். கான்ட்ராக்ட் இல்லை, கம்பெனி ரோல், அதாவது நிரந்தர வேலை. எங்கள் சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போகிறார்கள், ஆனால் கம்பெனி ரோலில் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாக்கி இருந்தது மெடிக்கல் டெஸ்ட் மட்டும். பெண்கள் குறைந்தது நாற்பது கிலோ இருக்க வேண்டும் என்று ஆள் எடுக்கும் கன்சல்டன்சியிலிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. படப்பை மருந்துக்கடை மெஷினில் ஏறி நின்றால் முப்பத்தேழு எழுநூறு காட்டியது.

"இன்னாடி இது, மூணு வேளையும் துன்றத எங்கடி வைக்கிற?" என்று என் மாமியார் பங்கஜம் கடையிலேயே கத்தினாள்.

அவளுடைய அவசரம் வேறு. மதிவதனியைத் தன் அண்ணன் மகன் இளங்கோவனுக்குக் கொடுப்பதாக அவள் என்றைக்கோ வாக்குக் கொடுத்துவிட்டாள். இளங்கோவன் வாலாஜாபாத்தில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவனிடம் யாரும் பேச முடியாது. முதல் மனைவி எட்டு மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. மதிவதனி அழுதாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். கடைசியில் என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் குறுக்கே வந்து ஒரு முடிவு சொன்னார். வேலை கிடைத்தால் இந்தப் பேச்சு மூன்று வருஷத்துக்குக் கிடையாது. கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். மாமியாரும் கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டாள். கம்பெனி ரோல் என்றால் அவளுடைய அண்ணன்கூடக் காத்திருப்பான்.

அன்றிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மதிவதனிக்கு என்று ஆனது. அவள்தான் போனில் தேடி, உடம்பு வைக்க ஸ்மூத்தி குடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். மாமியாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, பழக்கூழ் என்று வைத்துவிட்டாள். பழத்தை எண்ணி எடுத்து என் கையில் கொடுப்பாள். நான் அரைப்பேன். ஒரே கிளாஸ். நேத்ரா மிக்ஸி சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் காலி ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதை அவளுக்குக் குடிக்கக் கொடுப்பேன். பால் நிறத்தில்தான் இருக்கும். இனிப்புக்கூட லேசாக இருக்கும். ஒரு நாள் மதிவதனி தன் கிளாஸிலிருந்து அவளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். "அது கொயந்த, அதுக்கு எதுக்கு வெயிட்டு? நீ குடி" என்று மாமியார் கிளாஸைத் திருப்பி அவள் வாயிலேயே வைத்தாள்.

நேத்ரா வயிற்றில் இருந்தபோது எனக்கு சப்போட்டா தின்ன வேண்டும்போல் இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சளி பிடிக்கும் என்றாள் மாமியார். ஒன்பது மாதமும் சளி பிடிக்கும்.

அதைக்கூட விட்டுவிடலாம். நானும் கம்பெனிக்குப் போனவள்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனி லைனில் மூன்று வருஷம். கல்யாணத்துக்குப் பிறகும் போனேன். வயிற்றில் குழந்தை நின்றதும் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நேத்ராவுக்கு ஒரு வயது ஆனபோது என் பழைய சூப்பர்வைசர் மரகதம் மேடம் எனக்காகப் பேசி, திரும்பச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, போன் பண்ணியிருக்கிறார்கள். நான் மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தது மாமியார். "அது வராதும்மா, வூட்டப் பாத்துக்கினு கீது" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு இது நாலு மாதம் கழித்து, கோயிலில் மரகதம் மேடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் கேட்டேன். "ஆமா, சொன்னேன். தப்பா?" என்றாள். என் வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போனது. நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிவதனி நல்ல பெண். இதை நான் சொல்லத்தான் வேண்டும். என் சமையலுக்குக் குறை சொன்னதில்லை, நேத்ராவைக் குளிப்பாட்டுவாள், எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவாள். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பு நான் மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, உன்ன மாதிரி ஒருத்தி வூட்ல இருக்கிறதாலதான் நான் தைரியமா வேலைக்குப் போறேன். நீ எல்லாத்தையும் பாத்துக்குவ."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் குழாயைத் திறந்து வைத்தபடியே நின்றேன். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் என் மாமியார்மேல்கூட ஒரு நாளும் வந்ததில்லை.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெஷினில் முப்பத்தொன்பது நானூறு. அறுநூறு கிராம் குறைகிறது. மதிவதனி வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டி அதில் படிக்கல்லைப் போட்டு அனுப்பலாமா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினில் ஏற்றுவதற்கு முன் தடவிப் பார்ப்பார்கள், கையில் தட்டுப்படும் என்றேன். கம்பெனி விஷயம் என்றால் அந்த வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். வேறு எதற்கும் கேட்க மாட்டார்கள்.

"அப்போ ஒன்னு பண்லாம்," என்றாள் மாமியார். "காலைல கெளம்பறப்ப ரெண்டு கிளாஸ் பழக்கூழ் குடிக்கட்டும். மேல ஒரு பாட்டில் தண்ணி. மெசின்ல ஏறி எறங்கற வரைக்கும் ஒன்னுக்குப் போவாத. வந்துராது? இன்னா யுவஸ்ரீ, நீ போய்ட்டு வந்தவளாச்சே. சரியா வருமா?"

எனக்கு என் மெடிக்கல் ஞாபகம் வந்தது. ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். என்னோடு ஹாஸ்டலில் இருந்த சின்னப்பொண்ணு என்பவள் மயக்கம் வருகிறது என்று வழியில் ஒரு பன் தின்றுவிட்டாள். நர்ஸ் ஊசி குத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கேட்டார்: சாப்பிட்டியாமா? சின்னப்பொண்ணு உண்மையைச் சொல்லிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, நாளைக்குக் காலையில் சாப்பிடாமல் வா என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் போனாள், தேறினாள். இது எல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மதிவதனிக்கு வந்த செய்தியில் எடை, உயரம், ஆதார், போட்டோ இவ்வளவுதான் இருந்தது. சாப்பிடாமல் வரச் சொல்ல அந்தக் கன்சல்டன்சிக்காரன் மறந்துவிட்டான்.

"வரும் அத்தை," என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் வாய் மூடி இருந்தவள், அவ்வளவுதான். அங்கே நர்ஸ் கேட்பார், அவள் குடித்தேன் என்று சொல்வாள், மறுநாள் வரச் சொல்வார்கள். ஒரு நாள் அலைச்சல். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மதிவதனி பக்கம் திரும்பி இதையும் சொன்னேன்:

"சாப்டியான்னு கேப்பாங்க. சாப்டலன்னு சொல்லு. சாப்ட்டுட்டு வந்த வெயிட்டுன்னு தெரிஞ்சா கழிச்சிடுவாங்க."

"அய்யோ, நல்லவேள சொன்ன அண்ணி," என்றாள் மதிவதனி. மாமியார்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அவள் என்னை மெச்சியது அது ஒரு தடவைதான்.

காலை ஐந்தரைக்கு எழுந்து பேரீச்சம்பழத்தைப் பதினாறாகப் போட்டேன். பழமும் இரட்டிப்பு, சர்க்கரையும் இரட்டிப்பு. கட்டி இல்லாமல் நன்றாக அரைத்தேன். மதிவதனி இரண்டாவது கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, குமட்டுகிறது என்றாள். "கொஞ்சம்தான், கண்ண மூடிகினு குடிச்சிடு" என்று நானே கிளாஸைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். அவள் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சாமி படத்தைக் கும்பிட்டாள். பிறகு என் காலைத் தொட வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மெடிக்கல். பதினொரு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"வெயிட்டு நாப்பது முன்னூறு வந்திச்சி," என்றாள். "சுகர் நூத்தி அறுவத்தி ரெண்டாம். அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. பழ ஜூஸ் குடிச்சேன் மேடம்னு அப்பறமா சொன்னேன். சாப்டலன்னு நீ கையெழுத்து போட்டுக்கிறியேன்னு பேப்பரக் காட்றாங்க. எத்தினி பேரு இப்டி சொல்றீங்கன்னு சிரிக்கிறாங்க."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல சர்க்கரையா? எங்க வம்சத்துலயே கெடையாதேடி! வெளிய சொல்லாத, எவன்டி கட்டுவான்?" என்றவள், கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, "இளங்கோ கட்டுவான். அவன் ஒன்னும் சொல்ல மாட்டான்" என்றாள். அவளுக்குத் துக்கத்திலும் கணக்குத் தப்பாது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். ஜூஸ் குடித்ததால் ஏறியிருக்கும் என்றார். மறுநாள் தங்கையைப் படப்பை லேபுக்குக் கூட்டிப் போய் வெறும் வயிற்றில் பார்த்தார். எண்பத்து நாலு. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கன்சல்டன்சி வாசலில் இருவரும் அரை நாள் நின்றார்கள். லிஸ்ட் போய்விட்டது, அவள் இடத்துக்கு அடுத்த பெண்ணைப் போட்டாயிற்று, அன்ஃபிட் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதால் அந்தக் கம்பெனிக்கு இனிமேல் கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் தடவையாகத் தங்கையைப் பார்த்துக் கத்தினார். "சாப்டலன்னு சொல்லச் சொல்லி உனக்கு யார் சொன்னது?"

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் அந்த நேரம் சொல்லியிருக்கலாம், அவள் முன்னால்தானே சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இல்லையா, இல்லை படிக்கல் யோசனையும் பழக்கூழ் யோசனையும் தன்னுடையது என்று வெளியே வந்துவிடும் என்ற பயமா, தெரியவில்லை.

"யாரும் சொல்லலண்ணா. நானாதான் சொன்னேன்," என்றாள் மதிவதனி.

நன்றி வந்திருக்க வேண்டும் எனக்கு. வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கேட்காமலே ஒருவர் நம்மைக் காப்பாற்றினால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வேலை இல்லை என்று ஆனதும் மற்றவை தானாக நடந்தன. வாலாஜாபாத்திலிருந்து மாமியாரின் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தட்டு மாற்ற வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. இளங்கோவன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் போன் பார்த்துக்கொண்டிருந்தான். மதிவதனி இந்தத் தடவை அழவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன புடவையைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டார், மாமியார் சொந்தக்காரர்களை அழைக்கப் போயிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு மதிவதனி நேத்ராவை இரண்டு முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பால்வாடிக்கு நேரமாகிவிட்டது. நான் எதிரில் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

"அண்ணி," என்றாள். என்னைப் பார்க்கவில்லை, சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மெடிக்கல் எடுத்தப்ப ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்களா?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை என்று சொன்னால், அதுதான் பொய். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்த வீட்டில் நான் செய்த ஒரே ஒரு காரியம் அது. யாருக்குமே தெரியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

"சொன்னாங்க," என்றேன்.

"சாப்ட்டுட்டு வந்தவங்கள இன்னா பண்ணாங்க?"

"மறுநாள் வரச் சொன்னாங்க."

மதிவதனி சீப்பை மடியில் வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. முடியை மூன்றாகப் பிரித்து, பின்ன ஆரம்பித்தாள். முதல் புரியைப் போட்டு இழுத்தாள். நேத்ராவின் தலை பின்னால் சாய்ந்தது.

"அத்த, வலிக்குது."

இரண்டாவது புரி. நெற்றித் தோல் மேலே ஏறி, புருவம் இரண்டும் உயர்ந்து, குழந்தையின் முகமே மாறிப்போனது. "அத்த, வலிக்குது அத்த." கைகளைத் தூக்கிப் பின்னலைப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. என் பக்கம் கையை நீட்டினாள்.

விடு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கீரைக் கட்டு என் மடியில் இருந்தது. மதிவதனி என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்றாவது புரியைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.