விதை என்ற ஃபைலும் விதை என்ற ஃபைலும்

...மேசைக்கு வடக்கே சன்னலை ஒட்டி மேனேஜர் துரைராசு, அவருக்கு எதிரே தாங்கள், கம்ப்யூட்டருக்கு நேரே அறிவுமதி, அவளுக்குப் பின்னால் நாற்காலி இல்லாததால் நின்றபடி கபீராகிய நான்... நின்றபடி என்று எழுத வேண்டுமா, உட்கார்ந்தவர்களைத்தானே கேட்டார் தாங்களாகிய மருதையன், யாரு யாரு எங்க உட்கார்ந்திருந்தீங்க, என்ன நடந்துச்சு, யாரால நடந்துச்சு, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்புங்க, மெயிலு கியிலு எனக்கு வேணாம், தப்புப் பண்ணின ஆளு இனிமே என் வேலையில இருக்கக் கூடாது. விதை நெல் விற்கிறவர், மூட்டையில் ஒட்டும் லேபிளுக்காக எங்களிடம் வந்தவர், கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. யாரால என்ற இடத்தில் பேனா நிற்கிறது. மணி மூன்று நாற்பது, நாலரைக்குப் பதிவுத் தபால் கவுண்டரை மூடிவிடுவார்கள், துரைராசு டீ குடிக்கப் போயிருக்கிறார், நான் வந்து பார்த்தப்பறம் கவர ஒட்டுங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அதோடு இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி, அறிவுமதி பேரப் போட்டுடுங்க, சின்னப் பொண்ணு, அதுக்கு வேற இடம் கிடைக்கும், உங்களுக்கு...? உங்களுக்கு என்று நிறுத்திவிட்டார். நாற்பத்திரண்டு வயது, பதினோரு வருஷம் விண்டோஸில் எழுதிய கை, இந்த மாதத்தோடு ஆபீஸில் விண்டோஸ் வேலையே கிடையாது, எல்லாம் லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம், இருக்கிற ஒரே லினக்ஸ் வேலை மருதையனுடையது, அதிலிருந்து பெயரை எடுத்தால் நான் நாளைக்கு வந்து எந்த மேசையில் உட்காருவது...

என்ன நடந்தது என்பதை மட்டும் முதலில் எழுதிவிடலாம், வரிசையாக எழுதினால் படபடப்பு அடங்கும், எனக்கு எப்போதுமே அப்படித்தான். நேற்றுக் காலை புதிய முளைப்புத் திறன் கணக்கு வந்தது, நூற்றுக்கு எழுபத்தொன்று, விற்கக்கூடாத விதை. அதை என் விண்டோஸ் மிஷினில் ஏற்றி, ஃபைலுக்கு விதை என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் கொடுத்து, லினக்ஸ் மிஷினுக்கு அனுப்பினேன். பெயர் என்றால் முதல் எழுத்து பெரிய எழுத்து. கீழ்வேளூரில் எனக்கு ஆறாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் எழுத்தே வந்தது, பேருன்னு வந்தா தலையெழுத்து பெருசா இருக்கணும்டா என்று வாத்தியார் சொன்னதை இன்றுவரை மீறியதில்லை. பெரிய வி. அங்கே ஏற்கெனவே இருந்தது அறிவுமதி போட்ட சின்ன வி. விண்டோஸாக இருந்தால் இரண்டும் ஒன்று, இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா என்று கேட்டிருக்கும். இது கேட்கவில்லை, பழையதன் பக்கத்தில் புதியதை வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. கேட்காதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அட, இதுவும் நம் பேச்சைக் கேட்கிறதே என்று... முதல் நாளே அவள் சொன்னாள், சார், இது உங்கள மாதிரி நாலு தடவ யோசிக்காது, சொன்னதச் செஞ்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். துரைராசு சிரித்தார், பாய் இத்தன வருஷமா சன்னல் வழியாவே வந்து போயிட்டாரு, இப்ப வாசல் எங்க இருக்குன்னு தேடுறாரு. நானும் சிரித்தேன்.

லேபிள் தொண்ணூற்றிரண்டு என்று அச்சாகி வந்தது, புரோகிராம் தேடி எடுத்தது சின்ன வியை, அதில் இருந்தது பழைய கணக்கு. மருதையன் சட்டைப்பையிலிருந்து பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், இத ஒட்டி வித்தேன்னு வைங்க, குறுவைக்கு நாத்து விட்டவன் அத்தன பேரும் பாதி மொளைக்காத நாத்தங்காலக் காட்ட என் வாசல்ல வந்து நிப்பான். எல்லோரும் அறிவுமதியைப் பார்த்தார்கள், லினக்ஸ் அவள் பொறுப்பு அல்லவா. அவள் திரையில் ஃபைல் பட்டியலை எடுத்துப் பார்த்தாள், திரும்பினாள், சார், இங்க ரெண்டு விதை இருக்கு சார் என்றாள். மருதையன், ரெண்டு விதையா, குடோன்ல ஐநூறு மூட்டை இருக்கும்மா என்றார். துரைராசுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று அவளுக்கும் தெரியும், என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் பிரிண்டரைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? அவள் பட்டியலை மூடிவிட்டாள். ஊரில் எல்லோருக்கும் அவள் வீரையன் மகள், அவர்கள் தெருவில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த முதல் ஆள், திருப்பி அனுப்பினால் தெருவே கேட்கும், என்னம்மா பண்ணின என்று.

சரி, எழுது. விதை என்ற ஃபைலை மாற்றுவதற்குப் பதிலாக விதை என்ற ஃபைல்... இது என்ன வாக்கியம், மருதையன் படித்தால் கிண்டல் என்று நினைப்பார், தமிழில் பெரிய வியும் கிடையாது சின்ன வியும் கிடையாது, இரண்டும் விதைதான். அப்படியென்றால்... விதை என்ற ஃபைலில் பழைய கணக்கு இருந்துவிட்டது, அது அறிவுமதியின் பொறுப்பில் உள்ளது. ஒரு சொல் பொய் இல்லை. எழுதியும் விட்டேன், அழகான கையெழுத்தில். துரைராசு படித்தால் முதுகில் தட்டுவார். ஒரு பொய்யும் இல்லாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்ப இந்த மொழியே எனக்கு இடம் கொடுக்கிறதே...  எழுதிய தாளைக் கிழித்து வேறு தாள் எடுத்தேன். இங்கிலீஷில் ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் எழுதலாம், இந்த மிஷினுக்கு அவை இரண்டு பெயர்கள், பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியவன் நான், அறிவுமதி அதை அங்கேயே கண்டு சொன்னாள், நான் வாய் திறக்கவில்லை. கையெழுத்து. படிக்கட்டில் துரைராசு யாரிடமோ பேசுகிற சத்தம், பசையை விரலாலேயே தடவினேன், அவர் உள்ளே வந்தபோது உறையை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒட்டிட்டீங்களா பாய்? ஒட்டியாச்சு. அந்தப் பொண்ணு பேரப் போட்டீங்கல்ல? போட்டிருக்கேன் என்றேன், அதுவும் பொய் இல்லை. நாலு இருபத்தைந்துக்குக் கவுண்டர் அம்மா உறையை வாங்கித் தராசில் வைத்து முத்திரையைக் குத்தினாள், கடிதம் கோணிப்பைக்குள் போய் விழுந்தது, ரசீதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் நிற்பவர் நகருங்க சார் என்கிறார், நகர முடியவில்லை... இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெயர்களை, அடுத்தவர் சின்ன எழுத்தில் வைத்ததைக்கூட, பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன், அந்த விண்டோஸ் மிஷின் எல்லாவற்றையும் நான் நினைத்தபடியே எடுத்துக்கொண்டு ஒரு நாளும் சொல்லிக் காட்டாமல் இருந்திருக்கிறது, அப்படியானால் எனக்கு வேலை தெரியும் என்று நான் வைத்திருந்ததில் என்னுடையது எவ்வளவு?