போய்ச் சேருமட்டும்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பயணத்தை ஊருக்குச் சொல்லிவிட்டா போவார்கள்? ஊர் வாயில் விழுந்தால் நாவூறு பட்டுப் பயணம் கெட்டுவிடுமாம். கொக்குவில் வீட்டிலிருந்து கஜானியையும் அப்படித்தான் ஒளித்து அனுப்பினார்கள். கனடா என்று சொல்லிக் கூட்டிப்போன முகவர் பிரகாஸ், அவளை ஓமானில் ஒரு வீட்டுக்கு விற்றுவிட்டான். பதினான்கு மாதம் பூட்டிய குசினிக்குள் சமைத்துப் போட்டு, அடிவாங்கிக் கிடந்தாள். அவன் கூட்டிப்போனதைக் கண்டது அம்மாவும் தங்கச்சி ஆரபியும் மட்டும். நாவூறுக்குப் பயந்த சனம் அந்த நாசமாய்ப்போவானுக்கு எவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

தப்பி வந்த கஜானி இப்போது மானிப்பாயில் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் இருக்கிறாள். பிரகாஸ் பிணையில் திரிகிறான். வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணி நிவேதனா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: கண்ட சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது.

மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் அம்மா பராசக்தி இல்லத்துக்கு வந்தாள். வாக்குமூலத் தாளைத் தொடவும் இல்லை.

"எனக்கொண்டும் தெரியாது. அவள் தன்ரை விருப்பத்திலைதான் போனவள்."

"அம்மா! நீங்கள்தானே அவன்ரை வானிலை என்னை ஏத்தி விட்டனீங்கள்?"

"உனக்கு வாய்ச்ச வீடு சரியில்லை. அதுக்கு அவன் என்ன செய்வான்?"

பெற்றவள் பேசுகிற பேச்சா இது! கஜானிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"நீங்கள் சொல்லாட்டி விடுங்கோ. ஆரபியை வரச் சொல்லுங்கோ. அவளும் அண்டைக்கு நிண்டவள்."

பராசக்தி சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"அவள் இல்லை."

"எங்கை போயிட்டாள்?"

"முந்தநாள் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டாள். இண்டைக்கு இரவுதான் பிளேன். போய்ச் சேருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, பிள்ளை."

கஜானி எழும்பினாள்.

"ஆரோடை?"

அம்மா நிலத்தைப் பார்த்தாள். "இந்தமுறை கனடாதான் எண்டு சத்தியம் பண்ணினவன். நீ வழக்கெண்டு நிண்டால் அவளை இடையிலை விட்டிடுவானாம். வாயை மூடிக்கொண்டிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பாவி மனிசி! ஒன்றைக் கொடுத்தது போதாதென்று மற்றதையும் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கஜானி நிவேதனாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னொரு முறைப்பாடு எழுதுங்கோ. இப்பவே விமான நிலையத்துக்கும் அறிவியுங்கோ."

"ஐயோ, அவளின்ரை பேரைச் சொல்லிப்போடாதை!" பராசக்தி பாய்ந்து வந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

கஜானி அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"ஆரபி. வயது பத்தொன்பது. அனுப்பினது எங்கடை அம்மா."