மாமாவின் ஈரப்பதக் கண்டுபிடிப்பு

மாமாவின் புதுக் கேமராவைக் கொன்றது நான்தான். ராத்திரி மணி ஒன்று, வீடே தூங்குகிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

மாமா ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு. லீவுக்கு வந்த நான், போன சனிக்கிழமை அவர் வெளியே போனதும் அலமாரியைக் குடைந்தேன். செங்கல் கனத்தில் ஒரு பழைய ஃப்ளாஷ் கிடைத்தது. நாலு செல் போட்டதும் கொசு மாதிரி ரீங்காரம் போட்டு, சிவப்பு விளக்கு எரிந்தது. கை சும்மா இருக்குமா? கேமராவின் தலையில் மாட்டி ஒரே ஒரு அமுக்கு. பளிச்! அத்தோடு கேமராவின் திரை இருண்டது. பேட்டரியை மாற்றினேன், கெஞ்சினேன். அசையவில்லை. இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் மாமா கேமராவைத் தடவிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"ஈரப்பதம். இருபத்தஞ்சு வருஷமா கேமரா பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

கேமரா அரிசி டப்பாவுக்குள் போனது. அத்தை மட்டும், "உலை வைக்கணும், உங்க பேஷன்ட்டக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள். மாமா அசரவில்லை. ஃபோட்டோகாரர்களின் வாட்ஸாப் குழுவில் 'ஈரப்பதம்: ஒன்பது எச்சரிக்கைகள்' என்று நீளமாக எழுதிப் போட்டார். எண்பது பேர் கும்பிடு போட்டார்கள்.

எனக்குத்தான் உறுத்தல். கரன்ட் வேலைக்காரர் மறந்துவிட்டுப் போன மீட்டரை எடுத்து, ஃப்ளாஷின் அடியில் இருந்த நடு முள்ளிலும் ஓரத் தகட்டிலும் வைத்தேன். இருநூற்று முப்பது வோல்ட்! கேமரா புத்தகத்தைப் புரட்டினால், ஆறு வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று இருந்தது.

இன்றைக்கு ராத்திரி வந்தது வினை. பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மாமா பக்கத்துக் கடைக்காரரிடம் கேமரா இரவல் வாங்கி வந்தார். கூடவே அலமாரியைத் திறந்து அந்தச் செங்கல்லையும் எடுத்துச் செல்லைப் போட்டார்.

"இதுதான் வெளிச்சம். இப்ப வர்றதெல்லாம் மின்மினிப்பூச்சி."

மாட்டப்போனார். பேசினால் மாட்டிக்கொள்வேன், பேசாவிட்டால் இரவல் கேமராவும் போகும்.

"மாமா, வேணாம்! அதுல இருநூத்தி முப்பது வோல்ட் வருது!"

"நாலு செல்லு, ஆறு வோல்ட்டு. பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லித் தர்றாங்களா, இல்லையா?"

"உள்ள ஏத்திக்குது மாமா. மீட்டர்ல பாத்தேன்."

"மீட்டராம் மீட்டரு!"

மாமா செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆள். அதே பழக்கத்தில் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, முள்ளையும் தகட்டையும் சேர்த்து அமுக்கினார்.

"ஆத்தீ!"

ஃப்ளாஷ் சோபாவில் விழுந்தது. மாமா விரலை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். அரிசி டப்பாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"மீட்டர் வச்சுப் பாக்கிற அளவுக்கு உனக்கு ஏன் சந்தேகம் வந்துச்சு?"

"நான்தான் மாமா... சனிக்கிழம..." அழுகை வந்துவிட்டது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மாமா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"தெரியவும் கூடாது. எண்பது பேர் கும்பிட்டிருக்கான். ஈரப்பதம்னா ஈரப்பதந்தான். புரியுதா?"

தலையாட்டினேன். ஆனால் அந்த எண்பது பேர் அலமாரியிலும் இதே மாதிரிச் செங்கல் கிடக்குமே என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை. மாமா அத்தையையும் அந்தக் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறார். சற்று முன்தான் அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். மாமாவும் தூங்கவில்லை போல. புதிதாக ஒன்று போட்டிருந்தார்:

'பத்தாவது எச்சரிக்கை: பழைய ஃப்ளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டவே மாட்டாதீர்கள். ஈரத்தை இழுத்துவிடும்.'

அதற்குள் ஏழு கும்பிடு. எட்டாவது நான் போட்டேன்.