நடந்து காட்டிய நடை

பஸ் டிரைவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் முடிந்திருந்தது. நடை சரியாக இருந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் வேப்பங்காயாகக் கசந்துபோன மனிதர், பிசியோதெரபி அம்மா நடக்கச் சொல்லித்தர வந்ததும் கண்கொட்டாமல் பார்த்தார்.

பாவம், அந்த அம்மாவின் புதுச் செருப்பு அன்று காலையில்தான் அவள் இடது குதிகாலைப் பதம் பார்த்திருந்தது.

"முதல்ல கைத்தடி, அப்புறம் கால். நான் நடக்கிற மாதிரியே நடங்க, போதும்" என்றவள், வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இடது காலை விந்தி விந்தி நடந்து காட்டினாள். "புரிஞ்சுதா? ஏதாவது கேக்கணுமா?"

கேட்க வேண்டும் என்றுதான் டிரைவருக்கு இருந்தது. நல்லா இருக்கிற காலை இழுப்பானேன்? ஆனால் கேட்டால் மண்டு என்று நினைத்துவிடுவார்களே. காலமெல்லாம் பஸ் ஓட்டியும் ஒருவரிடம்கூட வழி கேட்காத கௌரவம் என்னாவது? ஊர் மாறிப் போய் நின்றிருக்கிறாரே தவிர, கேட்டதில்லை.

"நல்லா புரிஞ்சுதும்மா" என்று தலையாட்டினார்.

மதியம் பெரிய டாக்டர் பிசியோதெரபி அம்மாவோடு வந்தார். டிரைவர் இம்மி பிசகாமல் இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டிவிட்டு, சபாஷ் வாங்குகிற முகத்தோடு நின்றார். டாக்டரின் முகம் இருண்டது.

"அந்தக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாமலா இந்த இழுப்பு இழுக்குது? இதையும் திறந்து பாத்துடலாம். நாளைக்கே."

டிரைவர் பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் முதுகில் ஒரு குத்து குத்தினாள். "வாயத் திறந்து கேளுங்களேன். கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றார் டிரைவர். அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது. "ஆபரேஷன் பண்ணது வலது கால். இடது கால எதுக்குங்க இழுக்கணும்?"

"யார் இழுக்கச் சொன்னது?"

எல்லாரும் பிசியோதெரபி அம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் குதிகாலைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். "செருப்பு கடிச்சிடுச்சு சார்" என்றாள், காதுவரை சிவந்துபோய்.

"நடக்கச் சொல்லித்தர்றதுக்கு இவ்வளவு கூத்தா?" டாக்டர் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டார். "நானே காட்டறேன். பாத்துக்குங்க." விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தார். டிரைவரும் கைத்தடியைத் திருப்பி வாங்கி அதேபோல் நடந்தார். கால்கள் இரண்டும் ஒழுங்காகவே நடந்தன. வீட்டுக்குப் போகச் சீட்டு கிடைத்தது. டிரைவருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பதறி எழுந்து ஒரு சலாம் வைத்தார். வயிற்றை முன்னே தள்ளி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, புருவத்தை நெரித்துக்கொண்டு யாரோ பெரிய மனிதர் வருகிறாரே என்று.

"நடை சரியாத்தான் இருக்கு" என்றாள் மனைவி, ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்துகொண்டே. "ஆனா எதுக்குப் போறவங்க வர்றவங்கள எல்லாம் இப்படி முறைக்கிறீங்க?"

"முறைச்சாத்தான் மூட்டு சீக்கிரம் கூடும்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? அதான் டாக்டர் நடந்தத கண்ணால பாத்தேனே."